விழுங்குவது மட்டுமா கருந்துளை?

கருந்துளை எல்லாவற்றையும் விழுங்கும் பூதம். அதன் கதை 2019-இல் வெளியான எம்87 விண்மீன்மண்டலக் கருந்துளையின் படத்தோடு தொடங்குகிறது. இப்படிப் பேசுவது இன்று மேடை வழக்கமாகிவிட்டது. இரண்டுமே தவறு. கொல்லிமலை அரியூர்ச் சோலையில் இருள்வான் பூங்கா அமைக்கப்படும் என்று 2023-இல் அரசு அறிவித்திருக்கும்போது, இந்தத் தவறு அங்கேயும் பலகையாக நடப்பட்டுவிடக் கூடாது.

எம்87 தனித்து நிற்பதல்ல. 5.5 கோடி ஒளியாண்டுக்கு அப்பால், கன்னி என்னும் விண்மீன்மண்டலக் கொத்தின் நடுவே இருக்கும் பெருமண்டலம் அது. ஏப்ரல் தொடக்கத்து நள்ளிரவில் கொல்லிமலையின் உச்சிவானை ஒட்டியே கடக்கிறது. நடுத்தரத் தொலைநோக்கியில் மங்கலான ஒளித்திட்டாகத் தெரியும்.

இத்தகைய கொத்துகளின் ஆய்வு பழையது: 1933-இல் வானியலாளர் ஸ்விக்கி கோமா கொத்தில், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளுக்குத் தடயம் கண்டார். பின்னர் எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோள்கள் காட்டியது, கொத்து முழுவதும் நிறைந்த கோடிக்கணக்கான பாகை வெப்பமுள்ள வாயுவை. அது குளிர்ந்து விண்மீன்களாகக் கொட்டியிருக்க வேண்டும்; கொட்டவில்லை. சூடேற்றுவது யார்? நம் வானியற்பியலாளர் சந்திரசேகரின் பெயரைத் தாங்கி 1999-இல் பறந்த சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி விடை தந்தது. நடுவிலுள்ள கருந்துளை உமிழும் தாரைகள் வாயுவில் குமிழிகளை ஊதுகின்றன. பெர்சியஸ் கொத்தில் அவை எழுப்பிய ஒலியலைகளையே 2003-இல் வானியலாளர் ஃபேபியனின் குழு அறிவித்தது. விழுங்கும் பூதம், தன் கொத்தின் வளர்ச்சிக்கே கடிவாளம் போடுகிறது!

இந்தக் குமிழி ஆய்வின் மிக அழகான அத்தியாயம் ஓஃபியூக்கஸ் கொத்து. 39 கோடி ஒளியாண்டுத் தொலைவு. 2016-இல் சந்திரா பதிவில் ஒரு வளைந்த விளிம்பு தெரிந்தது. குமிழியின் கரையோ என்ற ஐயம் எழுந்தது. அவ்வளவு ஆற்றல் எங்கிருந்து வரும் என்று கைவிட்டார்கள். 2020-இல் வானியலாளர் ஜியசிந்துச்சியின் குழு ஆஸ்திரேலியாவின் எம்டபிள்யூஏ, புனே அருகிலுள்ள ஜிஎம்ஆர்டி ஆகிய ரேடியோ தொலைநோக்கிகளின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. விளிம்பின் மறுபக்கம் முழுக்க ரேடியோ ஒளிர்வு! குமிழியை ஊதிய கருந்துளை வெடிப்புக்கு, அதுவரை முதலிடத்திலிருந்த வெடிப்பைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு ஆற்றல். குமிழிக்குள் ரேடியோ ஒளிர்வைத் தரும் எலக்ட்ரான்கள் பழையதாகும்போது, அந்த ஒளிர்வு உயர் அலைவரிசையில் முதலில் மங்கும். தாழ்ந்த அலைவரிசையில்தான் எஞ்சும். கருந்துளைப் படத்தை மட்டும் கொண்டாடும் மோகத்துக்கு இந்த முதிய குமிழிகள் அகப்படா.

தாழ்ந்த அலைவரிசைக்கு இந்த நாட்டில் பெரிய வாசலைத் திறந்தவர் ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப். 1970-இல் ஊட்டியில், அட்சரேகைக்கு ஈடான சாய்வுள்ள மலைச்சரிவைத் தேடிப் பிடித்து 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை நிறுத்தினார். மலையின் சாய்வே அதன் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக்கியது. ஜிஎம்ஆர்டியை எழுப்பியவரும் அவரே. ஓஃபியூக்கஸ் முடிவு வந்த அதே 2020-இல் மறைந்தார். கருந்துளைப் படத்தைக் கொண்டாடிய நம் பத்திரிகைகள் அவருக்குத் தந்த இடம் வெட்கப்படத்தக்க அளவு சிறியது.

கொல்லிமலையும் ஊட்டியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் உள்ளவை. ஆகவே கொல்லிமலையின் இருள்வான் பூங்காவில் கண்ணுக்கான தொலைநோக்கியோடு ரேடியோ வானத்துக்கும் ஓர் அறை வேண்டும். ஜிஎம்ஆர்டியின் 150 மெகாஹெர்ட்ஸ் வான வரைபடம் பொதுவில் இருக்கிறது. நாமக்கல் பள்ளி மாணவர்கள் கணினித் திரையில் அதைத் திறந்து, கொத்துகளைச் சுற்றி முதிய குமிழிகளைத் தேட முடியும்.