அவலமும் கருணையும்: ஒரு சப்பானியத் தொடர் பற்றிய ஆய்வு

மெய்ப்பாட்டியலுக்கு உரைகண்ட பேராசிரியர் அழுகையை இருவகைப்படுத்துவர். தானே அவலித்தல் ஒன்று; பிறர் அவலங் கண்டு அவலித்தல் மற்றொன்று. முன்னதை அவலம் என்றும் பின்னதைக் கருணை என்றும் பிரித்துக் காண அவ்வுரை இடந்தருகின்றது. அண்மையில் யாம் முழுமையும் கண்ட சப்பானியத் தொடரொன்றின் உயிர்நிலையை உணர்தற்கு இப்பகுப்பினும் சிறந்த கருவி எமக்குக் கிடைத்திலது. ‘மார்ச்சுத் திங்கள் சிங்கத்தைப் போல வருகின்றது’ என்று பொருள்படும் பெயருடையது அத்தொடர்.

சிகா உமினோ என்னும் பெண் படைப்பாளர் 2007-இல் தொடங்கிய சித்திரக்கதையே இதன் மூலம். அது 2014-இல் தெசுக்கா ஒசாமு பண்பாட்டுப் பரிசின் தலைப்பரிசைப் பெற்றது. அக்கதையை ஷாஃப்ட் நிறுவனத்தார், அக்கியுக்கி சின்போ இயக்கத்தில், அனிமே என வழங்கும் அசைவோவியத் தொடராக ஆக்கினர். 2016 முதல் 2018 வரை, இரு பருவங்களாக, 44 பகுதிகள் என்.எச்.கே. தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின.

கதைத்தலைவன் ரெய் கிரியாமா பதினேழு வயதினன். ஷோகி என்னும் சப்பானியச் சதுரங்கத்தைத் தொழிலாகக் கொண்டவன். தோக்கியோவில் ஆற்றங்கரை அறையொன்றில் தனித்து வாழ்பவன். பெற்றோரையும் தங்கையையும் ஊர்தி விபத்தில் இழந்தவன். இவ்வளவே கேட்பின், இவன் துயர் இழவின்பாற்பட்டது என்று எவரும் எளிதிற் கூறிவிடுவர். அது முழுவுண்மை அன்று. தந்தையின் நண்பரும் ஷோகி ஆட்டக்காரருமான கோதா, அச்சிறுவனை நோக்கி ஷோகியில் விருப்பம் உண்டா என வினவுகின்றார். விருப்பம் இல்லாதிருந்தும் உண்டு என்கின்றான் அவன். உயிர்பிழைக்கச் சொன்ன அப்பொய்யே அவனுக்கு ஒரு வீட்டைத் தருகின்றது. அவ்வீட்டிலோ அவன் ஆட்டத்தில் உயர உயர, கோதாவின் சொந்த மக்கள் கியோக்கோவும் அயுமுவும் தாழ்கின்றனர். இறுதியில் ஷோகியையே கைவிடுகின்றனர். பிறிதொரு பறவையின் கூட்டில் பொரித்து, அக்கூட்டிற்குரிய குஞ்சுகளை வெளியே தள்ளிவிடும் குயிலினத்துக் குஞ்சாகத் தன்னை அவன் எண்ணிக்கொள்கின்றான். (நம் நாட்டுக் குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுதல் யாவரும் அறிந்ததே. ஆயினும் ஈண்டுக் குறிக்கப்படுவது உடன்கிடந்தவற்றை உந்தித் தள்ளும் வேறோர் இனம்.) ஆகவே அவன் தனிமை, யாரும் இல்லாமையால் மட்டும் வந்ததன்று, பிறர்க்குரிய இடத்தைத் தான் பறித்துக்கொண்டேன் என்னும் இளிவினால் வந்தது. தொல்காப்பியர் அழுகைக்குரிய நிலைக்களன்களுள் இழவோடு இளிவையும் வைத்தமையின் நுட்பம் இத்தகைய இடங்களிலேதான் புலனாகின்றது.

இவ்விளிவை முதற் பகுதியே காட்டிவிடுகின்றது. நெடுநேரம் உரையாடல் மிகக் குறைவு. இளைஞன் வெற்றறையில் விழிக்கின்றான், பாலங் கடக்கின்றான், ஷோகி மன்றத்தில் முதியவர் ஒருவரை வெல்கின்றான். வெல்லப்பட்டவர் வளர்ப்புத் தந்தை என்பது பின்னரே நமக்குத் தெரிய வருகின்றது. வெற்றி மகிழ்ச்சி தரவில்லை; தந்தையை அடித்த கை போலத் தன் கை அவனுக்குத் தோன்றுகின்றது. சொல்லாது உணர்த்தும் இத்திறத்தை முதற் பருவத்தின் பிற்பகுதிகள் எங்கும் காத்தன என்று கூறவியலாது. வீட்டுப் பூனைகளின் பேச்சும், மிகைப்படுத்திய முகக்கோணல்களும், உரத்த கூச்சலும் அவலம் ஊன்றவேண்டிய இடத்திற் குறுக்கே பாய்கின்றன. நகை வேண்டியதே, இத்துணை வேண்டியதன்று.

ஆற்றின் மறுகரையில் கவாமோத்தோ வீட்டார் உளர். தாயையும் பாட்டியையும் இழந்த அக்காரி, இனாத்தா, மோமோ என்னும் மூவர் உடன்பிறந்தார். இனிப்புக் கடை நடத்தும் பாட்டனார். மயங்கித் தெருவில் கிடந்த ரெய்யை அக்காரி வீட்டிற்கு எடுத்துச் சென்று பேணியதே உறவின் தொடக்கம். அவ்வீட்டுச் சோறும் சிரிப்புமே அவன் மனச்சோர்வைத் தீர்த்தன என்பார் ஒரு சாரார். யாம் அதற்கு உடன்படோம். முதற் பருவம் முழுதும் அவன் அவ்வீட்டில் உண்கின்றான்; ஆயினும் அறைக்கு மீண்டபின் நீருள் அமிழ்பவனாகவே பலகாலும் காட்டப்படுகின்றான். அன்பு பெறுந்தோறும் கடன் பெருகுவதாகவே இளிவுடையான் உணர்வான். ஒரு கூட்டைக் கெடுத்தவன், மற்றொரு கூட்டில் அச்சமின்றி எங்ஙனம் இருத்தல் கூடும்?

திருப்பம் இரண்டாம் பருவத்தில் நிகழ்கின்றது. இனாத்தாவின் தோழி ஒருத்தி வகுப்பினரால் துன்புறுத்தப்பட்டுப் பள்ளியை விட்டு நீங்குகின்றாள். அவளுக்குத் துணைநின்ற குற்றத்திற்காக இனாத்தா அடுத்த இலக்காகின்றாள். ஓர் இரவு ஆற்றங்கரையில் அவள் விம்மி அழுகின்றாள். அச்சம் இருந்தது என்கின்றாள். எனினும் தான் செய்தது தவறன்று என்பதில் நெகிழ்ந்திலள். கேட்டுநின்ற ரெய் தேற்றவந்தவன், தேறியவனோ அவனே. இளமையில் பள்ளியில் ஒதுக்குண்டு தனித்திருந்த தன்னையே அவள் காத்துவிட்டாள் என்று அவன் உணர்கின்றான். பிறர்க்காக அவலித்த பொழுதில் அவனது பழைய அவலத்தின் கட்டு அவிழ்கின்றது. பேராசிரியர் வகுத்த இரண்டும் ஈண்டு ஒரே கண்ணீரில் நிற்கின்றன. தான் தள்ளிய குஞ்சு ஏதுமில்லாத கூட்டில், தன்னையும் வேண்டுவார் உளர் என அவன் அறிவது அதன்பின்னரே.

அக்கருணையும் உடனே அழகிய வடிவில் வெளிப்படுவதில்லை. அதுவே இப்படைப்பின் நேர்மை. அவளுக்கு உதவும் பொருட்டு, ஆட்டங்களில் வென்று ஈட்டக்கூடிய தொகையைக் கணக்கிடுகின்றான். ஆசிரியர் அயாசிதா அவ்வேகத்தைத் தடுக்கவேண்டியிருக்கின்றது. வேறு வகையில் கொடுக்கத் தெரியாதவன் அவன். பின்னர் ஆட்டம் முடித்த கையோடு கியோத்தோவிற்கு விரைந்து, பள்ளிச் சுற்றுலாவில் கூட்டத்தினின்று பிரிந்து காமோ ஆற்றங்கரையில் தனித்திருப்பவளைத் தேடிக் காண்கின்றான். பணத்தினும் அவ்வருகிருப்பே அவளுக்குத் துணையாகின்றது.

மூலக்கதையின் ஷோகிப் பகுதிகளை மேற்பார்த்த மனாபு சென்சாக்கி, தாமே தொழில்முறை ஆட்டக்காரர். அவர் 2017-இல் மனச்சோர்வு நோயுற்று ஆட்டங்களினின்று விலகினார். மீண்டபின் அவ்வனுபவத்தை 2018-இல் நூலாக வெளியிட்டார். கதைக்கும் அந்நோய்க்கும் தொடர்பு கற்பிப்பது எம் கருத்தன்று. அத்துறையில் வெற்றியும் சோர்வும் ஒருங்கே உறைதல் புனைந்துரை அன்று என்பதற்கே இதனைச் சுட்டினோம்.

பள்ளி நிகழ்ச்சியின் முடிவும் எண்ணத்தக்கது. புதிதாகப் பொறுப்பேற்ற ஆசிரியரின் முயற்சியால் துன்புறுத்தல் நிற்கின்றது. குற்றம் புரிந்தவளின் உள்ளமோ முற்றும் மாறியதாகக் காட்டப்படவில்லை. எளிய கதையாயின் இரு சிறுமியரும் தழுவி அழுதிருப்பர். இனாத்தா மன்னித்திலள். தொலைவிலிருக்கும் தோழியிடமிருந்து மடல் வருமா என்று அஞ்சற்பெட்டியைப் பார்த்தபடியே இருக்கின்றாள்.