யாருடைய ஆங்கிலம்? - வன்னியிலிருந்து ஒரு நோக்கு

1960களின் முற்பகுதியில் ஈழத்து இலக்கிய உலகில் நிகழ்ந்த 'மரபுப் போராட்டம்' நாம் அறிந்ததே. பேச்சுத் தமிழைக் கையாண்ட எழுத்துக்களை 'இழிசனர் வழக்கு' எனப் பண்டிதர்கள் இகழ்ந்தபோது, உழைக்கும் மக்களின் மொழிக்கும் இலக்கியத் தகுதி உண்டென வாதாடியோர் முற்போக்காளரே. அவர்தம் வழிவந்த நாம், ஆங்கிலம் என்றதும் பண்டிதராகிவிடுகின்றோம். வன்னி மாணவன் 'இஸ்கூல்' என்றால் நகைக்கின்றோம். இம்முரண்பாடு ஆராயத்தக்கது.

ஆங்கிலத்துக்குப் பல மையங்கள் உள எனப் பிரஜ் கச்ரு 1985இல் வலியுறுத்தினார். தாய்மொழியாளரின் நியமமே கற்பித்தலுக்கு ஏற்றதென ரண்டொல்ப் குவேர்க் 1990இல் வாதிட்டார். இவ்விவாதத்துக்கு முன்னரே, 1979இல், லரி ஸ்மித்தும் ரஃபீக்ஸாத்தும் பல நாட்டவரிடையே நடத்திய ஆய்வு, தாய்மொழியாளரின் ஆங்கிலமே எவர்க்கும் எளிதில் விளங்கும் என்ற நம்பிக்கையைத் தகர்த்தது. விளங்குதல் என்பது கேட்போனின் பழக்கத்தையும் பொறுத்தது. அச்சுமையைப் பேசுவோன் மீது மட்டும் ஏற்றுதல் நியாயமன்று.

எனினும், 'இலங்கை ஆங்கிலம்' என்று மகிழுமுன் அஃது எவருடையது எனவும் வினவுதல் வேண்டும். கற்ற சிறுகுழுவினரின் வழக்கே இங்கும் நியமமாகின்றது. விளிம்பிலுள்ளோரின் வழக்குகளுக்கும் இடமளித்து நியமத்தை விரித்தல் வேண்டுமென அர்ஜுன பராக்கிரம 1995இல் எழுதினார். 'ஆங்கிலத்தை நம் வழியில் பேசுவோம்' என அரசு முழங்கியது 2009இல். அவ்வாண்டிலேயே வன்னிச் சிறுவர்கள் போரிலும், பின்னர் செட்டிகுளம் முகாம்களிலும் வாழ்ந்தனர். அந்த 'நம்' என்பதனுள் அவர்கள் அடங்கினரா?

இன்று கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இயங்குகின்றன. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021இல் தனித்தியங்கத் தொடங்கியது. இரணைமடுவின் கீழ் வயல்செய்யும் குடும்பத்துப் பிள்ளையும் அங்கு ஆங்கிலத்திலேயே பொறியியல் கற்கின்றது. பாடம் விளங்கியும், உச்சரிப்புக்கு அஞ்சி வினா எழுப்பாதிருக்கும் மாணவனின் மௌனத்தை அறியாமை எனக் கணித்தல் தவறு.

ஆயின் வழக்கைப் போற்றுதல் ஆசிரியப் பற்றாக்குறைக்குச் சாட்டாகிவிடலாகாது. 'உங்கள் ஆங்கிலமே போதும்' எனக் கிராமத்துப் பிள்ளைக்குக் கூறிவிட்டு, தம் பிள்ளைக்கு வேறு ஆங்கிலம் வாங்கிக் கொடுப்போரையும் நாம் இனங்காணல் வேண்டும். எழுத்தில் பொது நியமம் எல்லோர்க்கும் செவ்வனே கற்பிக்கப்படுக. பேச்சில் விளக்கமே அளவுகோலாகுக. திசைச்சொல்லுக்கும் செய்யுளில் இடமளித்தது தொல்காப்பியம். அம்மரபினர்க்கு இது புதுமையன்று.