மீனாட்சியம்மாளின் மெட்டுகள்

மீனாட்சியம்மாள் நடேசய்யரைப் பற்றி மலையக இலக்கிய வரலாறுகளில் தேடினால் பெரும்பாலும் ஒரு பத்திதான் கிடைக்கும். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி, கணவரோடு இலங்கைத் தேயிலைத் தோட்டப் பகுதிகளுக்குப் போய்க் கூட்டங்களில் பாடினார், 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்று ஒரு பாட்டுப் புத்தகம் போட்டார், பாட்டெல்லாம் சினிமா மெட்டு. அவ்வளவுதான். அந்தக் கடைசித் தகவலைச் சொல்லும்போது எழுதுகிறவரின் குரல் கொஞ்சம் தாழ்ந்துவிடும், கவனிச்சுப் பாருங்க. பெரிய மனசு பண்ணி மன்னிக்க வேண்டிய குறை மாதிரி.

எனக்கு அங்கேதான் தகராறு. சினிமா மெட்டு அவருடைய குறை இல்லை. அவர் தொழிலே அதில்தான் இருக்கு என்பது என் கட்சி.

அவர் யாருக்குப் பாடினார், எங்கே நின்று பாடினார் என்று பார்த்தால் இது புரியும். நடேசய்யர் தஞ்சாவூர்க்காரர். இலங்கைக்குப் போன புதிதில், தோட்டத்துக்குள் நுழைந்து நிலைமையைப் பார்க்கவே அவர் துணி வியாபாரி வேடம் போட வேண்டியிருந்தது. தோட்டம் துரையின் சொத்து. வெளியாள் கால் வைத்தால் அத்துமீறல் கேஸ். லயத்துக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே கங்காணி. 1931இல் அட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய பிறகும் இந்த வேலி போய்விடவில்லை. சங்கக்காரனை வாசலில் நிறுத்தலாம், நோட்டீஸைப் பிடுங்கிக் கிழிக்கலாம். கூட்டத்துக்குப் போன பெண் வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டு திரும்பி வருகிற பாட்டை எந்தக் கங்காணி பிடுங்குவான்?

அந்தக் கூட்டங்களில் மீனாட்சியம்மாள் பாரதி பாடல்களைப் பாடினார், தான் கட்டியதையும் பாடினார். கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. கேட்பது ஒருமுறைதான். மறுநாள் விடிவதற்குள் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டியவர்கள். புது மெட்டு போட்டுப் புது வார்த்தையும் கொடுத்தால் அது மேடையோடு நின்றுவிடும். மெட்டு ஏற்கெனவே காதில் இருந்தால் வார்த்தையை மட்டும் சுமந்து போனால் போதும். தமிழில் பேசும்படம் வந்ததே 1931இல்தான்; பத்து வருசத்துக்குள் கடைத்தெரு கிராமபோன் அந்தப் பாட்டுகளை மலை வரைக்கும் கொண்டுவந்துவிட்டது. யாரோ செலவு பண்ணிப் பரப்பி வைத்திருந்த மெட்டில் இவர் தன் சரக்கை ஏற்றி அனுப்பினார். சாமர்த்தியம் என்றால் இதுதான்.

அதே 1940இல் அமெரிக்காவில் வுடி கத்ரி தன்னுடைய மிகப் பிரபலமான பாட்டை எழுதினார். அதன் மெட்டும் சொந்தமில்லை. கார்ட்டர் குடும்பத்தார் பாடிப் பழக்கப்பட்ட ராகம். அவருக்கு முன்னால் ஜோ ஹில், 1915இல் சுட்டுக் கொல்லப்படும் வரை, சர்ச் பாட்டு மெட்டுகளில் தொழிலாளர் பாட்டு எழுதித் தள்ளியவர். இதற்காக அவர்களுக்கு யாரும் மார்க் குறைத்ததில்லை. மக்கள் கலைஞனுக்கு அது லட்சணம் என்றுதான் எழுதுகிறார்கள். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கு. 1940 மார்ச்சில் கத்ரியை வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்துக்காக உட்கார வைத்து ஆலன் லோமாக்ஸ் மணிக்கணக்கில் ஒலிப்பதிவு செய்தார். மீனாட்சியம்மாளை நாம் அச்சில்தான் படிக்கிறோம். பாட்டுக்காரியை வாசகத்தை வைத்து எடைபோடுவது, சமையல்காரியை மளிகைச் சிட்டையை வைத்து எடைபோடுவது மாதிரி.

லவ்டேலில் உட்கார்ந்துகொண்டு இலங்கைத் தோட்டத்துப் பாட்டுக்காரியைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். 1964 அக்டோபரில் போட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களில் பெரும் பங்கினர் நீலகிரிக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கி, அது பிற்பாடு டேன்டீ ஆனது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், இதோ எங்களுக்குக் கீழே கெத்திப் பள்ளத்தாக்கில் கேரட் தோட்டம் வரைக்கும் அவர்கள் உழைப்பு இருக்கு. சர்க்கார் காகிதத்தில் 'தாயகம் திரும்பியோர்'. ஊர்ப் பேச்சில் இன்றைக்கும் 'சிலோன்காரங்க'. ஆக, மீனாட்சியம்மாள் யாருக்காகப் பாடினாரோ அவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கள் பஸ்ஸில்தான் வருகிறார்கள்.

அந்த வீடுகளில் நான் கேட்டது தாலாட்டு, ஒப்பாரி, கண்டிச் சீமைக்குப் புறப்பட்ட துயரம். மீனாட்சியம்மாள் பாட்டு ஒன்றுகூடக் கேட்டதில்லை.

இதற்குக் காரணம் மெட்டு பழசானது என்று சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. ஒப்பாரியின் மெட்டு அதைவிடப் பழசு. சி.வி. வேலுப்பிள்ளை திரட்டிக் கொடுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களைப் படித்துவிட்டு இவர் பாட்டுகளுக்கு வந்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அங்கே கொழுந்து பறிக்கிற ஒருத்தி தன் கஷ்டத்தைத் தனக்கே சொல்லிக்கொள்கிறாள். மலை இருக்கிற வரை, கூடை இருக்கிற வரை அது செல்லும். மீனாட்சியம்மாள் பாட்டில் பேசுவது கூட்டம். அதுவும் ஒரு குறிப்பிட்ட ஆண்டின் கூட்டம். 1939இல் இலங்கை அரசு தன் இலாகாக்களில் தினக்கூலி வேலை பார்த்த இந்தியர்களை வெளியேற்றத் தொடங்கியது. அந்த அதிர்ச்சி அடங்குவதற்கு முன்னால் வந்த புத்தகம் இது. அழுகைக்கு ஆள் வேண்டாம், ஒருத்தி தனியாகவே அழலாம். இந்த மாதிரிப் பாட்டுக்குச் சேர்ந்து பாட ஆள் வேணும். அந்த ஆளைச் சேர்க்கச் சங்கம் வேணும்.

அந்தச் சங்கம்தான் கைவிட்டுப் போனது. 1939 ஜூலையில் நேரு கொழும்புக்கு வந்தார், இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது, தோட்டத் தொழிலாளர் அரசியல் அந்தப் பக்கம் சாய்ந்தது. நடேசய்யர் ஓரமானார், 1947 நவம்பரில் இறந்தார். புதுச் சங்கத்துக்குப் பழைய சங்கத்துப் பாட்டு எதற்கு? அடுத்த வருசமே குடியுரிமைச் சட்டம் வந்து, பாட்டில் பேசிய அந்த 'நாம்' நாடற்றவர்களாகிப் போனார்கள். 1988இல் சாரல் நாடன் நடேசய்யரின் வரலாற்றை எழுதிய பிறகுதான் இந்த அம்மையாரையும் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். அதுவும் கணவரின் நிழலில்.

இன்னொரு இடத்திலும் மாட்டிக்கொண்டார். நம் நாட்டார் வழக்காற்றியலில் பெரும்பாலும் பேர் தெரியாதவரின் பாட்டுதான் நாட்டார் பாட்டு. பேர் போட்டு அச்சடித்தால் வெளியே. கவிதைக்காரர்களுக்கோ மெட்டு இரவல் என்றால் முகம் சுளிக்கும். ஊர் ஊராகப் போய், தானே கட்டித் தானே பாடியவருக்கு இரண்டு அலமாரியிலும் இடமில்லை.

2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தபோது, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவை அறிவு உலகத்துக்கே கேட்க வைத்தார். அந்தப் பாட்டில் யார் பேர் முன்னால் வரணும், யார் படம் அட்டையில் வரணும் என்று பெரிய சண்டை நடந்தது நினைவிருக்கும். எண்பது வருசத்துக்கு முன்னால் மீனாட்சியம்மாள் பேரைத் தெளிவாகவே போட்டிருந்தார். அந்தக் காலத்துச் சினிமா இசைத்தட்டுகள் நிறைய இன்றைக்கும் சேகரிப்பாளர்களிடம் கிடைக்கின்றன. பாட்டையும் தட்டையும் பக்கத்தில் வைத்து, அசையை மெட்டில் பொருத்தி, கோத்தகிரிப் பக்கம் ஒரு டேன்டீ குடியிருப்பில் ரெண்டு பெண்களைப் பாடச் சொல்லிக் கேட்கணும். அதற்கப்புறம்தான் அவர் நல்ல பாட்டுக்காரியா இல்லையா என்ற பேச்சையே எடுக்கணும்.