கரிசல் வீட்டு இசைத்தட்டுகள்

1801 மே மாதம் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இரண்டாம் முறையாக விழுந்தது. இந்தத் தடவை கிழக்கிந்தியக் கும்பினிப் படை அதைத் தரைமட்டமாக்கியது. இடித்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். இன்று பயணிகள் போய்ப் பார்க்கிற கோட்டை, தமிழக அரசு 1974இல் எழுப்பிய நினைவுக் கோட்டை. இடைப்பட்ட நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டபொம்மனை இந்த மண்ணில் வாழவைத்தது பாட்டு. கும்மியிலும் ஒயிலாட்டத்திலும் விடிய விடியப் பாடிய கதைப்பாட்டிலும் அந்தக் கதை வாய்மாறி வாய்மாறி வந்துகொண்டே இருந்தது. கல்லும் மண்ணும் காக்காததைக் குரல் காத்தது.

அந்தக் குரல் இசைத்தட்டில் ஏறியபோது என்ன ஆனது என்பதைத்தான் இங்கே பேச வருகிறேன். ஊரில் மைக் செட் வைத்திருந்த எங்கள் பெரியப்பாவின் தட்டுப் பெட்டி இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. ஓட்டப்பிடாரம் வட்டாரத்துக் கல்யாணங்களிலும் சடங்கு வீடுகளிலும் கோயில் கொடைகளிலும், வேப்ப மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் வழியே நாலு ஊர் கேட்கப் பாடிய தட்டுகள் அவை. கொஞ்ச நாளாக அவற்றை வரிசையாகப் போட்டுக் கேட்டுவருகிறேன். கேட்கக் கேட்க ஒரு எண்ணம் உறுதிப்பட்டது. நாட்டார் பாட்டைப் புதிய வாத்தியங்களோடு கூட்டி, பழைய கதையைப் புதிய காதுக்குக் கொண்டுபோகும் கலைக்கு மேல்நாட்டில் 'ஃபோக் ராக்' என்று பெயர் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அந்தப் பெயர் பிறப்பதற்கு முன்பே, நம் கரிசல் கதையை வைத்து அதே வேலையைச் சென்னையில் உட்கார்ந்து நம்மவர்கள் செய்துவிட்டார்கள், செம்மையாகவும் செய்தார்கள்.

பெட்டியில் அடியில் இருப்பவை 78 வேகத் தட்டுகள். பத்து அங்குல அகலம், பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். அரக்கும் கல்தூளும் கலந்து அழுத்தியவை. கை தவறினால் ஓட்டுச் சில்லாகிவிடும். அவற்றுக்கு மேலே 45 வேகச் சிறு தட்டுகள், அதற்கும் மேலே எல்.பி.கள். எந்த அரசரும் எந்தச் சபாவும் இந்த வரிசையைத் தொகுக்கவில்லை. ஊர் எதைத் திரும்பத் திரும்பக் கேட்டதோ அதை மட்டும் வாங்கினார் பெரியப்பா. அதனால் இது ஒரு வட்டாரத்தின் ரசனைக் கணக்கு.

இதில் அதிகம் தேய்ந்தவை 'வீரபாண்டிய கட்டபொம்மன்' தட்டுகள். பி.ஆர். பந்துலு இயக்கிய படம், 1959 மே மாதம் வந்தது. பாடல்கள் கு.மா. பாலசுப்பிரமணியம், இசை ஜி. ராமநாதன். மறு ஆண்டு கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைவிழாவில் சிவாஜி கணேசனுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்ததை எல்லாரும் சொல்வார்கள். அதே விழாவில் சிறந்த இசைக்கான விருதை ராமநாதன் பெற்றதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. தட்டைக் கேட்டால் அந்த விருதின் நியாயம் விளங்கும்.

ராமநாதனுக்குக் கர்நாடக ராகங்களைத் திரையில் ஆண்டவர் என்றே பெயர். ஆனால் அவர் வளர்ந்தது கதாகாலட்சேப மேடையில், ஆர்மோனியத்தின் முன். கதை சொல்கிறவருக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தவருக்கு, எந்த இடத்தில் இசை முன்னால் வரவேண்டும், எந்த இடத்தில் வழிவிட்டு ஒதுங்க வேண்டும் என்பது விரல் நுனியில் இருக்கும். டி.எம். சௌந்தரராஜனும் டி.வி. ரத்னமும் சேர்ந்து பாடும் மாட்டுவண்டிப் பாட்டில் அது தெரிகிறது. வண்டித்தடத்தில் சக்கரம் உருளும் நடையைத் தாளத்தில் வைத்துவிட்டு, மெட்டைக் குரல்களின் கையில் விட்டுவிடுகிறார். பி. சுசீலா காளையைப் புகழ்ந்து பாடும் பாட்டிலும் அப்படித்தான். துள்ளல் இருக்கிறது, சொல் ஒன்றுகூட அமுங்கவில்லை. மைக் செட்காரர்களுக்கு இந்தத் தட்டுகள் பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. குழாய் ஸ்பீக்கர் அடிநாதத்தைக் கொண்டுபோகாது. நடுத்தொனியையும் உச்சத்தையும்தான் தூரம் கொண்டுசெல்லும். தெளிவான குரலும் கணீரென்ற தாளமும் உள்ள பாட்டே கம்மங்காடு தாண்டிப் போகும்.

இந்த வரிசையின் உச்சம் என்று நான் கருதுவது, போருக்குக் கிளம்பும் கட்டபொம்மனின் தளபதி வெள்ளையத்தேவனை மனைவி வெள்ளையம்மாள் தடுத்து அழும் பாட்டு. பாடியவர் டி.வி. ரத்னம். கெட்ட கனவு கண்டேன், போகவேண்டாம் என்று அவள் கெஞ்சும் இந்தக் கட்டம் சினிமாவுக்காகக் கற்பனை செய்ததல்ல. ஊரில் வழங்கிய கதைப்பாடலிலேயே இருப்பது. நா. வானமாமலை பதிப்பித்து 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கட்டபொம்மு கதைப்பாடலைப் படித்தவர்கள் அந்த இடத்தை அறிவார்கள். ஆக, அந்தப் பதிப்பு வருமுன்பே இந்தப் பாட்டு இசைத்தட்டில் வந்து ஊர் திரும்பிவிட்டது.

ரத்னம் இதைப் பாடியிருக்கும் விதத்தைக் கவனியுங்கள். மெட்டு சில சுரங்களுக்குள்ளேயே சுற்றுகிறது. ஒவ்வொரு அடியும் மேலே எழுந்து அதே இடத்தில் வந்து இறங்குகிறது. ஒப்பாரியின் கட்டுமானமும் அதுதான். அழுகிறவளுக்குப் புதுப்புது சங்கதி தோன்றாது. ஒரே வளைவில்தான் துக்கம் திரும்பத் திரும்ப வரும். வித்தை காட்ட இடமிருந்தும் ராமநாதன் காட்டவில்லை. ரத்னத்தின் குரலில் ஒரு சொரசொரப்பு உண்டு. உச்சத்தில் அது லேசாகக் கிழிகிற மாதிரி வரும்போது, வெள்ளையம்மாள் அரண்மனைப் பெண்ணாகத் தெரியாமல் நம் தெருப் பெண்ணாகத் தெரிகிறாள். எங்கள் ஆச்சி இந்தத் தட்டு ஓடும்போது வேலையை நிறுத்திவிடுவார். படத்தை அவர் பார்த்ததில்லை. கதை அவருக்கு முன்பே தெரியும்; தட்டு அதை உறுதிப்படுத்தியது, அவ்வளவுதான்.

கதை வசன எல்.பி.யையும் இசைத்தட்டு ரசனையில் சேர்த்தே பேச வேண்டும். சக்தி கிருஷ்ணசாமியின் வசனத்தை, கலெக்டர் ஜாக்சன் துரையோடு கட்டபொம்மன் வரி பற்றி வாதாடும் காட்சியை, இங்கே எழுதப்படிக்கத் தெரியாதவர்கள்கூட ஏற்ற இறக்கம் பிசகாமல் ஒப்பிப்பார்கள். படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்டால் சிவாஜியின் கலை வேறு விதமாகப் பிடிபடும். தொடக்கத்தில் குரல் அடங்கி இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு படி ஏறுகிறது. மூச்சு வாங்கும் இடங்கள்கூடத் தாளத்தில் விழுகின்றன. ஜாக்சனாக நடித்த சி.ஆர். பார்த்திபன் சுருக்கமாக, விறைப்பாகப் பேசி அந்த ஏற்றத்துக்குச் சுவராக நிற்கிறார். வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த தென்பாண்டிச் சீமைக்காரனுக்கு இந்தத் தட்டு அந்நியமாக இருக்கவில்லை. வில்லில் பாட்டும் வசனமும் மாறி மாறித்தான் வரும். வசனத்துக்கும் உள்ளே ஒரு நடை ஓடிக்கொண்டே இருக்கும். அதே காதைக் கொண்டு ஊர் இந்த எல்.பி.யைக் கேட்டது.

அடுத்தது 'கப்பலோட்டிய தமிழன்', 1961. அதே பந்துலு, அதே ராமநாதன், அதே சிவாஜி. இரண்டு படங்களின் நாயகர்களும் பிறந்த ஊர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வ.உ. சிதம்பரனாரின் ஓட்டப்பிடாரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் நடந்தே போய் வரலாம். இதன் பாடல்கள் அனைத்தும் பாரதியுடையவை. அவர் பிறந்த எட்டயபுரமும் இதே கரிசல்தான். பாரதி கும்மியையும் சிந்தையும் கண்ணி வகைகளையும் எங்கிருந்தோ இறக்குமதி செய்யவில்லை. தெருவில் கேட்ட நடைகளை எடுத்து அவற்றில் தன் நெருப்பை வைத்தார். திருச்சி லோகநாதனின் கனத்த குரலில் சிறைக்கொட்டடிச் சோகம் ஒலிக்கும்போதும், பி.பி. ஸ்ரீனிவாஸும் சுசீலாவும் கண்ணம்மா பாட்டைப் பட்டுப்போல் பாடும்போதும், அந்த மூல நடை உள்ளே துடிப்பதைக் கேட்க முடிகிறது.

கோவில்பட்டிக்காரர்கள் விட்டுக்கொடுக்காத தட்டு ஒன்று உண்டு. 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில், எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையில், எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் சேர்ந்த ஆபேரிப் பாடல். இதையும் எழுதியவர் கு.மா. பாலசுப்பிரமணியம். அருணாசலம் 1921இல் பிறந்தவர், டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர், கோவில்பட்டியில் வாழ்ந்தவர். 1964இல் மறைந்தபோது வயது நாற்பதைச் சற்றே கடந்திருந்தது. நாதஸ்வரம் திறந்தவெளிக்கென்று பிறந்த வாத்தியம். தேர் போகும் வீதியின் அகலம் அதற்கு வேண்டும். அதை ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் கொண்டுவந்து ஒரு பெண் குரலோடு சமமாக நிறுத்துவது சாமானியமான காரியமல்ல. அருணாசலம் தன் ஊதலை மென்மையாக்கிக்கொண்டு, ஆனால் பிடியின் கனத்தைக் குறைக்காமல் வாசித்திருக்கிறார். ஜானகி சுரம் பாடும்போது அது அவரைத் துரத்தவில்லை, தோளோடு தோள் நடக்கிறது. இந்தத் தட்டை வீட்டுக்குள் கேட்பதைவிட, பொழுது சாயும் நேரத்தில் தூரத்துக் கொடைப் பந்தலிலிருந்து கேட்பதே முறை என்பேன். வாத்தியம் தன் வெளியை அங்கே திரும்பப் பெற்றுக்கொள்கிறது.

பெட்டியில் மேல்நாட்டுத் தட்டு ஒன்றும் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து கப்பலுக்குப் போன சித்தப்பா கொண்டுவந்தது. ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற இங்கிலாந்துக் குழு 1969 டிசம்பரில் வெளியிட்ட 'லீஜ் அண்ட் லீஃப்'. அந்த ஆண்டு மே மாதம் ஒரு சாலை விபத்தில் தங்கள் டிரம்மரைப் பறிகொடுத்து, தேறி எழுந்து அவர்கள் செய்த ஆல்பம். குழுவின் ஆஷ்லி ஹட்சிங்ஸ் லண்டனில் உள்ள நாட்டார் பாடல் ஆவணங்களைத் தேடிப் படித்தார். பல நூற்றாண்டுப் பழமையுள்ள கதைப்பாடல்களை எடுத்து மின்கிட்டாரும் டிரம்ஸும் சேர்த்துப் பாடினார்கள். அதில் 'மேட்டி குரோவ்ஸ்' என்பது பிரபுவின் மனைவிக்கும் ஓர் இளைஞனுக்கும் உண்டான உறவு கொலையில் முடியும் கதை. எட்டு நிமிடம் ஓடும். சாண்டி டென்னி அதைப் பாடும்போது அழுவதில்லை, கோபப்படுவதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிக்கொண்டு போகிறார். கேட்கிற நமக்குத்தான் நெஞ்சு அடைக்கிறது. பிறகு டேவ் ஸ்வார்பிரிக்கின் வயலினும் ரிச்சர்ட் தாம்சனின் கிட்டாரும் கதை முடிந்த இடத்திலிருந்து ஓட்டமாக ஓடுகின்றன.

இதைக் கேட்டபின் ரத்னத்தின் தட்டைப் போட்டால் இரண்டும் ஒரே குலம் என்பது விளங்கும். நம் கதைப்பாடல்களில் முத்துப்பட்டன் கதையும் நல்லதங்காள் கதையும் இரத்தத்திலும் கண்ணீரிலும் முடிவது போலவே அவர்கள் கதைகளும் முடிகின்றன. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அவர்கள் ஆவணக் காப்பகத்தில் தேடி எடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பாட்டுகள் பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டன. ராமநாதன் காலத்தில் கட்டபொம்மன் பாட்டு ஊரில் உயிரோடு இருந்தது. அவர் தட்டு உயிருள்ள பாட்டோடு பேசியது, ஊர் உடனே பதில் சொன்னது.

அந்த உரையாடலைப் புதிய தலைமுறைக்குக் கொண்டுபோன தட்டு 1976இன் 'அன்னக்கிளி'. பண்ணைப்புரத்து இளையராஜாவின் முதல் படம். காருகுறிச்சியாரோடு பாடிய அதே ஜானகிதான் இங்கே அரிசி குத்தும் பெண்ணாகப் பாடுகிறார். பதினான்கு ஆண்டில் அந்தக் குரல் கச்சேரி வாசலிலிருந்து களத்துமேட்டுக்கு வந்துவிட்டது. இளையராஜா கிட்டார்க்காரர். மெட்டைத் தெம்மாங்கின் வழியில் விட்டுவிட்டு, அதன் அடியில் மேல்நாட்டு இசையின் சேர்க்கைகளை நுழைத்தார். பாட்டு தன் ஊரை விட்டுக்கொடுக்கவில்லை, உலகத்தையும் வெளியே நிறுத்தவில்லை. கிராமத்தில் அன்று யாரும் இதைப் பரிசோதனை முயற்சி என்று எண்ணவில்லை. நம்ம பாட்டு என்றார்கள். இந்தக் கலையில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

இவ்வளவு இருந்தும் பெட்டியில் இல்லாதது ஒன்று என்னை உறுத்துகிறது. கட்டபொம்மனின் குலத்தாரான கம்பளத்து நாயக்கர்கள் ஆடும் தேவராட்டத்தின் இசை இதில் இல்லை. தேவதுந்துமி என்று அவர்கள் போற்றும் உருமியின் இழுப்பு, வளைந்த குச்சி தோலில் உரசும்போது எழும் அந்த உறுமல், மூன்று நிமிடத் தட்டில் அடங்காது. குழாய் ஸ்பீக்கரில் ஏறாது. கோவில்பட்டிப் பக்கம் ஜமீன் கோடங்கிபட்டியிலும், மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் திருவிழாவிலும் நேரில் நின்று கேட்டால்தான் அது கேட்கும். ஒரு இராத்திரி முழுக்கப் பாடும் கதைப்பாட்டிலிருந்து இசைத்தட்டு ஒரு கைப்பிடிதான் அள்ளியது. அந்தக் கைப்பிடி உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. மிச்சத்தைப் பதிய இன்று கருவி நம் எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஒரு பெட்டி இருந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். வெயில் படாத இடமாக இருக்கட்டும். அரக்குத் தட்டை மெல்லிய துணியால் துடையுங்கள்; ஸ்பிரிட் மட்டும் தொடவே கூடாது, அரக்கு அதில் கரைந்துவிடும். இரண்டாவது, அடுத்த கொடைக்குப் போகும்போது உருமிக்காரர்களிடமும் கும்மி தெரிந்த ஆச்சிகளிடமும் அனுமதி கேட்டு, முழுப்பாட்டையும் பொறுமையாகப் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் மறக்காமல் குறித்து வையுங்கள்.