அபக்கூக்கு நூல்: முறையீடும் பற்றுறுதியும்

அபக்கூக்கு (பழைய மொழிபெயர்ப்பில் ஆபகூக்) என்பது எபிரேய விவிலியத்தின் பன்னிரு சிறு இறைவாக்கினர் நூல்களுள் எட்டாவது ஆகும். மூன்று அதிகாரங்களும் 56 வசனங்களும் கொண்டது. இறைவாக்கினரின் தந்தை பெயரோ ஊரோ நூலில் இல்லை. கல்தேயரின் எழுச்சி பற்றிப் பேசுவதால், பாபிலோனியர் கர்க்கமிசுப் போரில் எகிப்தை வென்ற கி.மு. 605ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தது எனப் பலர் கருதுகின்றனர்.

பிற இறைவாக்கினர் கடவுளின் சொல்லை மக்களிடம் கொண்டு செல்கின்றனர். இந்நூலோ மனிதர் கடவுளிடம் வழக்குத் தொடுப்பதில் தொடங்குகிறது. முதல் முறையீடு யூதா நாட்டுக்குள்ளேயே நடக்கும் கொடுமையைப் பற்றியது: எத்தனை காலம் கூக்குரலிடுவது, நீதி ஏன் கோணலாகிறது? கல்தேயரை எழுப்பப்போவதாகக் கடவுள் விடை தருகிறார். நோயைவிட மருந்து கொடியது. எனவே இரண்டாம் முறையீடு எழுகிறது: தீயோரை அவரினும் தீயோர் விழுங்குவதைத் தூயவரான கடவுள் எப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? இங்கே வரும் மீனவர் உருவகம் கூர்மையானது. பகைவன் மக்களினங்களை மீன்களைப் போல் வாரி எடுக்கிறான். பிறகு தன் வலைக்கே பலியிட்டு வணங்குகிறான். படைபலத்தையே தெய்வமாக்கும் பேரரசு இவ்வாறு அம்பலமாகிறது.

வன்முறையைக் குறிக்கும் ஒரே எபிரேயச் சொல் முதலில் யூதாவின் உள்நாட்டுக் கொடுமைக்கும், பின்பு படையெடுப்பாளரின் செயலுக்கும் ஆளப்படுகிறது. கொடுமை செய்பவர் மாறினும் சொல் மாறவில்லை. இரண்டாம் அதிகாரத்தின் ஐந்து சாபங்களுள் ஒன்றில் லெபனோன் காட்டுக்கும் விலங்குகளுக்கும் இழைத்த கேடும் குற்றமாக எண்ணப்படுவது பலர் கவனிக்காமல் விடும் இடம்.

நூலின் புகழ் முழுவதும் 2:4இல் தங்கிவிட்டது. நீதிமான் எதனால் வாழ்வான் என்பதற்கு மூல எபிரேயம் தரும் சொல் 'எமுனா'. கிரேக்க வழி வந்த வாசிப்பில் இது நம்புதல் என்ற பொருளையே பெரிதும் பெற்றது. பவுல் உரோமையர், கலாத்தியர் மடல்களில் இதை எடுத்தாண்டார். சீர்திருத்தக் காலத்தில் லூத்தர் இதன்மீது பெரும் இறையியலையே எழுப்பினார். ஆனால் அமலேக்கியருடன் நடந்த போரில், கதிரவன் மறையும்வரை மோசேயின் கைகள் தளராது நின்றதைச் சொல்லவும் விடுதலைப் பயண நூல் 'எமுனா' என்ற சொல்லையே ஆள்கிறது. அங்கே அதன் பொருள் உறுதி, அசையாமை. அபக்கூக்கிலும் அதற்கு முந்தைய வசனம் காத்திருப்பதைப் பற்றியே பேசுகிறது. எனவே கோட்பாட்டை ஏற்பதைவிட, விடை தாமதிக்கும்போது கைவிடாதிருப்பதே இங்கு முதன்மைப் பொருள் எனக் கொள்வது பொருத்தம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பின் 'விசுவாசம்' இப்பொருளைச் சற்று மறைத்தாலும், அதே வசனத்தின் 'பிழைப்பான்' என்ற சொல் அழிவிலிருந்து தப்பும் சாயலை அழகாகத் தருகிறது.

யூத மரபும் இவ்வரியைப் பலவாறு வாசித்தது. 1947இல் கும்ரானில் கிடைத்த அபக்கூக்கு விளக்கச் சுருள், திருச்சட்டத்தைக் கடைப்பிடித்து 'நீதியின் ஆசிரியர்' மீது பற்றுறுதி கொண்டவர்களுக்கு இதைப் பொருத்துகிறது. தால்முதின் மக்கோத் பகுதியோ 613 கட்டளைகளும் இந்த ஒரே வரியில் அடங்குவதாகக் கூறுகிறது.

கும்ரான் சுருள் முதல் இரண்டு அதிகாரங்களுக்கு மட்டுமே விளக்கம் தருவதால், மூன்றாம் அதிகாரம் பிற்சேர்க்கை என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதம் வலுவற்றது, விளக்கம் எழுதாமை, நூலில் அப்பகுதி இல்லாமை ஆகிவிடாது. மேலும் அதை நீக்கினால் முறையீடு செய்தவரின் மறுமொழியே நூலில் இராது. அப்பாடலில் கடவுள் புயலும் கொள்ளைநோயும் சூழ வருகிறார். பாடுபவரின் உதடுகள் துடிக்கின்றன, எலும்புகள் உளுத்துப்போகின்றன. பின்பு அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், ஆடு, மாடு என ஒவ்வொன்றாக இல்லாமற்போவதை எண்ணிக் காட்டி, அப்படியானாலும் மகிழ்வேன் என்கிறார். இழந்தவை திரும்பும் என்ற வாக்குறுதி அங்கே தரப்படவில்லை. நூலின் கடைசிச் சொற்கள் பாடகர் தலைவருக்கான குறிப்பு: இது நரம்பிசைக் கருவிகளுடன் பாடப்பட வேண்டும்.