ரெட்மி கைபேசிகளின் பெயர்க் குழப்பம்

சியோமி நிறுவனம் இந்தியாவில் விற்கும் ரெட்மி, போகோ கைபேசிகளின் பெயர்களும், முன்பு விற்ற எம்ஐ கைபேசிகளின் பெயர்களும் வாங்குபவரைத் திணறடிப்பவை. மாடல்கள் அளவுக்கு மீறிப் பெருகியதே இதற்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அந்த விளக்கம் போதாது. ஜவுளிக் கடையில் நூறு வகைப் புடவை இருப்பதால் யாரும் ஏமாந்துபோவதில்லை. சுங்குடி என்று கேட்டால் சுங்குடி வரும். சியோமியின் சிக்கல் வேறு. அங்கே ஒரே கைபேசிக்கு நான்கைந்து பெயர்கள் உண்டு. ஒரே பெயரில் இரண்டு மூன்று வெவ்வேறு கைபேசிகளும் உண்டு. போதாக்குறைக்கு, பழைய கைபேசி புதிய எண்ணோடு மறுபடி கடைக்கு வந்ததும் உண்டு. பெயர் என்பது பொருளை அடையாளம் காட்ட வேண்டும் என்ற மிகச் சாதாரணமான எதிர்பார்ப்பை இந்தப் பெயர்கள் நிறைவேற்றவில்லை என்பதே இக்கட்டுரையின் குறை.

எளிய தொடக்கம்

சியோமி 2014 ஜூலையில் எம்ஐ 3 கைபேசியுடன் இந்தியாவுக்கு வந்தது. விலை ரூ.13,999. அடுத்து ரெட்மி 1எஸ், ரெட்மி நோட், எம்ஐ 4, ரெட்மி 2. அந்தக் காலத்தில் பெயரைச் சொன்னால் பொருள் தெரிந்தது. எம்ஐ என்றால் விலை கூடியது. ரெட்மி என்றால் மலிவானது. நோட் என்றால் பெரிய திரை.

இந்தக் கைபேசிகள் வடசென்னைக்கு அதிகத் தூரத்திலிருந்து வருபவையும் அல்ல. பேசின் பிரிட்ஜ் சந்திப்பில் புறநகர் ரயில் தடம் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மேற்கே அரக்கோணம் போகிறது. மற்றொன்று வடக்கே கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், கும்மிடிப்பூண்டி வழியாக ஆந்திர எல்லையைத் தாண்டித் தடா, சூளூர்ப்பேட்டை செல்கிறது. தடாவை ஒட்டிய ஸ்ரீசிட்டியில் இருந்த ஃபாக்ஸ்கான் ஆலையில்தான் சியோமியின் முதல் இந்தியத் தயாரிப்பான ரெட்மி 2 பிரைம் உருவானது. 2015 ஆகஸ்டில் ரூ.6,999 விலையில் அது வெளிவந்தது. பிறகு ஸ்ரீபெரும்புதூரிலும் சியோமிக்கான உற்பத்தி நடந்தது. இந்தியாவுக்கென்று தனியாகத் தயாரிக்கத் தொடங்கியதும் இந்தியாவுக்கென்று தனியாகப் பெயர் வைக்கும் பழக்கமும் வளர்ந்தது.

2017இல் இங்கே ரெட்மி 4 என்று வந்தது சீனாவின் ரெட்மி 4எக்ஸ். 2018 பிப்ரவரியில் இங்கே ரெட்மி நோட் 5 என்று வந்தது பிற நாடுகளில் ரெட்மி 5 பிளஸ். வெளிநாட்டில் ரெட்மி நோட் 5 என்று விற்றதோ, கேமராவில் சிறு மாற்றத்துடன், இந்தியாவின் நோட் 5 புரோ. அதாவது, பெயர்கள் ஒரு படி இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. இந்த இடமாற்றம்தான் பின்னர் வழக்கமாகிப்போனது.

ஒரு கைபேசி, பல பெயர்கள்

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 2020இன் நோட் 9 வரிசை. இந்தியாவில் மார்ச் மாதம் ரெட்மி நோட் 9 புரோ, நோட் 9 புரோ மேக்ஸ் என இரண்டு அறிமுகமாயின. வெளிநாடுகளில் நோட் 9எஸ், நோட் 9 புரோ என இரண்டு. ஜூலையில் போகோ எம்2 புரோ சேர்ந்துகொண்டது. ஐந்திலும் ஸ்னாப்டிராகன் 720ஜி என்ற அதே சிப், அதே 6.67 அங்குலத் திரை. மின்கலமும் ஏறக்குறைய ஒன்றே. மாறியவை கேமரா, மின்னேற்ற வேகம், என்எஃப்சி போன்ற சில உறுப்புகள் மட்டும்.

இதில் இந்திய வாங்குநர் எங்கே இடறினார் என்று பார்க்கலாம். வெளிநாட்டு நோட் 9 புரோவில் 64 மெகாபிக்சல் கேமரா, 30 வாட் மின்னேற்றம். இந்திய நோட் 9 புரோவில் 48 மெகாபிக்சல், 18 வாட். இணையத்தில் ஒரு வெளிநாட்டவரின் மதிப்புரைக் காணொளியைப் பார்த்துவிட்டு, அதே பெயரைச் சொல்லி இங்கே கடையில் வாங்கியவருக்குக் கிடைத்தது வெளிநாட்டில் 9எஸ் என்று விற்ற கைபேசி. காணொளியில் பார்த்தது வேண்டுமென்றால் அவர் புரோ மேக்ஸ் என்று கேட்டிருக்க வேண்டும். அதிலும் என்எஃப்சி இராது. ஊரடங்கில் பிள்ளைகளின் இணைய வகுப்புக்காகக் கடன் வாங்கிக் கைபேசி வாங்கிய குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு இது ஏட்டளவிலான வேறுபாடு அல்ல.

நிறுவனத்துக்குள் குழப்பம் இல்லை என்பதுதான் வேடிக்கை. ஒவ்வொரு கைபேசிக்கும் மென்பொருள் பிரிவில் ஒரு குறிப்பெயர் உண்டு. இந்தக் குடும்பத்தின் குறிப்பெயர்கள் கர்டானா, ஜுவாயூஸ், எக்ஸ்காலிபர், கிராம். நான்கும் ஐரோப்பியக் கதைகளிலும் வரலாற்றிலும் வரும் புகழ்பெற்ற வாள்களின் பெயர்கள். நால்வரும் உடன்பிறந்தோர் என்பதை உள்ளே எல்லோரும் அறிந்தே இருந்தனர். அறியாமல் விடப்பட்டவர் காசு கொடுத்தவர்தான். மாற்று இயங்குதளம் உருவாக்கும் ஆர்வலர்கள் இவை அனைத்துக்கும் பொதுவாக மியாடோல் என்று ஒரே பெயர் வைத்து ஒரே மென்பொருளை வெளியிட்டார்கள். டெம்பர்டு கிளாஸ் தயாரிப்பவர்களும் அப்படியே. ஒரே கண்ணாடி உறையின் மேல் 9 புரோ, 9 புரோ மேக்ஸ், 9எஸ், எம்2 புரோ என்று எல்லாப் பெயரையும் அடுக்கி அச்சிட்டிருப்பார்கள். சியோமியின் விளம்பரத்தைவிட அந்த முப்பது ரூபாய் உறை வாங்குபவருக்கு அதிக உண்மையைச் சொன்னது.

இதே கதை விலை கூடிய வரிசையிலும் உண்டு. சீனாவின் ரெட்மி கே40, உலகச் சந்தையின் போகோ எஃப்3, இந்தியாவின் எம்ஐ 11எக்ஸ் மூன்றும் ஒன்று. 2023 ஆகஸ்டு முதல் வாரத்தில் இந்தியாவிலேயே ரெட்மி 12 5ஜி, போகோ எம்6 புரோ 5ஜி என்ற இரண்டு பெயர்களில், சில நாள் இடைவெளியில், ஒரே சிப்புடன் ஒரே கைபேசி வந்தது. ஒன்றின் பெயரில் 12, மற்றொன்றில் 6 புரோ. பெயரை மட்டும் பார்ப்பவர் இரண்டையும் ஒப்பிட வழியே இல்லை.

ஒரு பெயர், பல கைபேசிகள்

முந்தையதைவிட இது மோசமானது. ஒரே பொருளுக்குப் பல பெயர் இருந்தால் நேரம்தான் வீணாகும். ஒரே பெயரில் பல பொருள் இருந்தால் பணமே வீணாகும்.

2021 மார்ச்சில் இந்தியாவில் வந்த ரெட்மி நோட் 10 புரோவில் 64 மெகாபிக்சல் கேமரா; விலை ரூ.15,999. அதே பெயரில் வெளிநாட்டில் விற்றதில் 108 மெகாபிக்சல். இங்கே அந்த 108 வேண்டுமானால் ரூ.18,999 கொடுத்துப் புரோ மேக்ஸ் வாங்க வேண்டும். இந்த இரண்டுமாவது உறவுக்காரர்கள். அதே ஆண்டு மே மாதம் சீனாவில் ரெட்மி நோட் 10 புரோ என்று வந்தது முற்றிலும் வேறு கைபேசி: வேறு சிப், வேறு வகைத் திரை, 5ஜி. அதை வெளிநாடுகளில் போகோ எக்ஸ்3 ஜிடி என்று விற்றார்கள். ஆக ஒரே ஆண்டில், ஒரே பெயரில், மூன்று கைபேசிகள்.

உதிரிப் பாகம் வாங்கும்போதுதான் இது கடிக்கிறது. இணையத்தில் நோட் 10 புரோ என்று தேடி மலிவாகக் கிடைத்த டிஸ்பிளேயைத் தருவித்தவருக்குச் சீன மாடலின் எல்சிடி வந்து சேரலாம். கையில் இருக்கும் இந்திய மாடலோ அமோலெட். பொருந்தாது. தவறான மாடலின் மென்பொருளை ஏற்றினால் கைபேசி எழவே எழாமல் போகவும் கூடும்.

இன்னொரு சான்று 11ஐ. 2021இல் வெளிநாட்டில் விற்ற எம்ஐ 11ஐ உயர்தர ஸ்னாப்டிராகன் 888 கைபேசி. 2022 ஜனவரியில் இந்தியாவில் சியோமி 11ஐ என்று வந்தது சீனாவின் ரெட்மி நோட் 11 புரோ, நடுத்தரமானது. இடையே 2021 ஆகஸ்டில் நிறுவனம் எம்ஐ என்ற முன்னொட்டையே கைவிட்டிருந்தது. பேச்சு வழக்கிலோ இரண்டுமே 'எம்ஐ போன்'தான்.

பழைய கைபேசிக்குப் புது எண்

2021 அக்டோபரில் ரெட்மி நோட் 10 லைட் இந்தியாவுக்கு வந்தது. நோட் 10 வரிசையில் எளிமையான ஒன்று என்று பெயர் சொல்கிறது. உண்மையில் அது 2020 மார்ச்சின் நோட் 9 புரோ. அதே 720ஜி சிப், அதே 5,020 மில்லிஆம்பியர் மின்கலம், அதே 48 மெகாபிக்சல். 2020இல் தொடக்க விலை ரூ.12,999; ஏப்ரலில் கைபேசிக்கான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 18 ஆனபோது விலை ஏறியது. 2021இல் லைட்டின் தொடக்க விலை ரூ.13,999. ஒன்றரை ஆண்டில் எந்தக் கைபேசியும் விலை இறங்கும். இங்கே இறங்கவில்லை. பெயரில் இருந்த ஒன்பது பத்தானதால் கிடைத்த லாபம் அது.

பல பெயர்களுக்கு வணிகக் காரணம் சொல்லலாம். இதற்கு அப்படி எதுவும் சொல்ல முடியாது. எண் என்பது தலைமுறையைக் குறிக்கிறது என்ற நம்பிக்கையை நிறுவனமே ஆண்டுதோறும் விளம்பரம் செய்து வளர்த்தது. பிறகு அந்த நம்பிக்கையையே விற்றது. மென்பொருள் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பதைப் பலர் எண்ணை வைத்தே கணக்கிடுவதால், இழப்பு விலையோடு முடிவதில்லை.

ஏன் இப்படி?

சியோமி தரப்பு நியாயத்தையும் பார்க்க வேண்டும். வன்பொருளில் நிகர லாபம் 5 விழுக்காட்டைத் தாண்டாது என்று 2018 ஏப்ரலில் நிறுவனம் அறிவித்தது. அவ்வளவு குறைந்த லாபத்தில் பிழைக்க வேண்டுமென்றால் ஒரே வடிவமைப்பை முடிந்தவரை அதிக எண்ணிக்கையில் விற்றாக வேண்டும். அதே ஆண்டு ரியல்மி போட்டிக்கு வந்தது. மாதம் ஒரு புது அறிமுகம் இல்லாவிட்டால் பேச்சிலிருந்து மறைந்துவிடுவோம் என்ற பதற்றம் எல்லா நிறுவனங்களையும் பிடித்துக்கொண்டது. 2020 ஜனவரியில் போகோ தனி நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. போகோவுக்கு ஃபிளிப்கார்ட், ரெட்மிக்கு அமேசானும் தெருக் கடையும் என்று விற்பனை வழிகள் பிரிந்தபோது, ஒவ்வொரு வழிக்கும் 'தனி' மாடல் தேவைப்பட்டது. இரண்டு கடைகளும் விலையை ஒப்பிட்டுச் சண்டையிடாமல் இருக்கப் பெயரை மாற்றுவது மலிவான உபாயம்.

இந்த ஏற்பாட்டால் ஏழை வாங்குநருக்குப் பயனும் உண்டு. 108 மெகாபிக்சல் வேண்டாதவர் மூவாயிரம் ரூபாய் மிச்சப்படுத்தினார். ஆனால் அதற்கு வெளிநாட்டில் உள்ள அதே பெயரைச் சூட்டியிருக்கத் தேவையில்லை. நோக்கியாவும் ஒரு காலத்தில் கணக்கற்ற மாடல்களை விற்றது. 2006 முதல் 2014 வரை அதன் ஆலை ஸ்ரீபெரும்புதூரில் இயங்கியது. 1100 என்றால் இங்கும் வெளியூரிலும் அந்த டார்ச் விளக்குக் கைபேசிதான். எண்கள் அழகாக இல்லை, ஆனால் உதவின.

மாடல் எண்ணைப் படிப்பது

விற்பனைப் பெயரை நம்ப முடியாத நிலையில், கைபேசியின் அமைப்புகளில் 'போனைப் பற்றி' என்ற பகுதியிலும் அட்டைப்பெட்டியின் சீட்டிலும் உள்ள மாடல் எண்ணே துணை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் கைபேசிகள் பதிவாவதும் இந்த எண்ணில்தான். மேலே சொன்ன கைபேசிகளையே பார்க்கலாம். இந்திய நோட் 9 புரோவின் எண் எம்2003ஜே6ஏ1ஐ. வெளிநாட்டு 9எஸ்ஸின் எண் எம்2003ஜே6ஏ1ஜி. முதலில் வரும் 2003 என்பது 2020ஆம் ஆண்டு மூன்றாம் மாதத்தோடு ஒத்துப்போகிறது. நடுவில் உள்ள ஜே6ஏ1 வடிவமைப்பு, இரண்டிலும் ஒன்றே. கடைசி எழுத்து சந்தை: ஐ என்றால் இந்தியா, ஜி என்றால் உலகச் சந்தை, சி என்றால் சீனா.

நோட் 10 புரோவின் மூன்று முகங்களும் இப்படித்தான் வெளிப்படுகின்றன. உலகச் சந்தையுடையது எம்2101கே6ஜி, சீனாவுடையது எம்2104கே10ஏசி. கே6, கே10 என்பதைப் பார்த்த உடனே இரண்டும் வேறு என்று தெரிந்துவிடும். இந்தியப் புரோ மேக்ஸ் எம்2101கே6ஐ. இந்தியப் புரோ மட்டும் எம்2101கே6பி என்று முடிகிறது. ஆகவே கடைசி எழுத்தை மாறாத விதியாகக் கொள்ள வேண்டாம்.

பழைய கைபேசி வாங்குவோருக்கு இது மிகவும் அவசியம். வெளிநாட்டுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற பர்மா பஜாரிலோ, இணையத்திலோ, தெரிந்தவரிடமோ வாங்கினாலும் பணம் கொடுக்கும் முன் அமைப்புகளைத் திறந்து எண்ணைப் பார்க்க வேண்டும். சியில் முடிந்தால் அது சீனச் சந்தைக்கானது. கூகுள் பிளே ஸ்டோர் தானாக இராது, இந்திய அலைவரிசைகள் எல்லாம் வேலை செய்யும் என்ற உறுதியும் இல்லை. பெட்டியும் கைபேசியும் காட்டும் எண் வேறுபட்டால் வாங்காமல் வந்துவிடலாம். பாகம் மாற்றும்போது கடைக்காரரிடம் 'நோட் 10 புரோ' என்று மட்டும் சொல்லாமல் எண்ணைக் காட்டுவது நல்லது.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதத்தை மட்டும் வைத்துப் புதியது என்று முடிவு செய்யக் கூடாது. பொட்டலப் பொருள் விதிகளின்படி அச்சாகும் அந்த மாதம், அந்த ஒரு கைபேசி எப்போது ஆலையிலிருந்து வந்தது என்பதையே சொல்லும். 2021இன் இறுதியில் தயாரான நோட் 10 லைட்டின் பெட்டியில் 2021 என்றுதான் இருக்கும். அதன் வடிவமைப்பு 2020 மார்ச்சுக்குரியது என்பதை அச்சிடச் சொல்லி எந்த விதியும் கேட்கவில்லை.