நெய்க் குடமும் கண்ணாடித் தட்டும்

பட்டுப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போனால், பேரம் முடிந்த கையோடு குமரகோட்டத்துக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றிய இடம் என்பார்கள். சிவன் கண்ணிலிருந்து ஆறு பொறி. வாயு, அக்கினி, கங்கை என்று கை மாறி சரவணப் பொய்கை. வளர்ப்பது கார்த்திகைப் பெண்கள். அபாரமான கற்பனை. உடனே 'வாடகைத் தாய் அப்பவே இருக்கு சார்' என்று யாராவது ஆரம்பித்தால் மெள்ள நழுவிவிடுங்கள்.

சும்மா சொல்லவில்லை. 2019-ல் ஜலந்தர் அறிவியல் மாநாட்டு மேடையிலேயே ஒரு துணைவேந்தர், கௌரவர்கள் சோதனைக்குழாய்க் குழந்தைகள் என்றார். காந்தாரியின் நூற்றுச்சொச்சம் நெய்க் குடங்கள்தான் ஆதாரம்! கவிதையை லேப் நோட்டாகப் படித்தால் கவிதையும் போச்சு, லேபும் போச்சு.

இதில் எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் கல்கத்தா டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய். 1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். சரியாக எழுபது நாள் கழித்து, அக்டோபர் 3-ல், இவர் முயற்சியில் துர்கா. அதுவும் கருவை உறைய வைத்து, பிறகு உருக்கிக் கருப்பையில் வைத்து. அரசு ஒரு கமிட்டி போட்டது. நம்பவில்லை. ஜப்பான் மாநாட்டுக்குப் போக அனுமதி இல்லை. கடைசியில் கண் மருத்துவப் பிரிவுக்கு மாற்றல். ஹார்மோன் ஆராய்ச்சிக்காரருக்குக் கண்ணில் என்ன வேலை? 1981 ஜூனில் தற்கொலை செய்துகொண்டார்.

இந்தக் கதையின் சாயலில் ரமாபத சௌதுரி நாவல் எழுத, தபன் சின்ஹா 1990-ல் 'ஏக் டாக்டர் கி மௌத்' எடுத்தார். பங்கஜ் கபூர் பிரமாதம். பொறாமையும் ஃபைலும் சேர்ந்து ஒரு ஆளை அரைப்பதை மிகையில்லாமல் காட்டுகிற படம். ஆனால் எனக்கு ஒரு குறை. ஆராய்ச்சியைத் தொழுநோய்த் தடுப்பூசியாக மாற்றிவிட்டார்கள். நிஜத்தில் துர்காவின் பெற்றோர் ஊர் வாய்க்குப் பயந்து வெளியே வரத் தயங்கினார்கள். மருத்துவர் கையில் ஆதாரம் இருந்தும் நீட்ட முடியாத நிலைமை. 'விசேஷம் ஏதும் உண்டா?' என்று கல்யாண வீட்டில் கேட்கிறோமே, அந்தக் கேள்விக்கும் இதில் பங்கு உண்டு. படத்தில் குற்றவாளிகள் அதிகாரிகள் மட்டும். நாம் சௌகரியமாகத் தப்பித்துவிடுகிறோம்.

1986-ல் பம்பாயில் இந்திரா ஹிந்துஜாவுடன் சேர்ந்து ஹர்ஷா பிறக்கக் காரணமாக இருந்த ஆனந்த் குமார், பின்னால் முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, 'முதல்வர் நான் இல்லை, அவர்' என்று 1997-ல் அறிவித்தார். தன் மாலையைத் தானே கழற்றிப் போட்ட விஞ்ஞானி! படம் 1990-லேயே முடிந்துவிட்டதால் இந்தக் காட்சி அதில் இல்லை. இன்றைக்குக் கருத்தரிப்பு மையங்களில் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் கருவைச் சேமிப்பது அன்றாட வேலை. படம் கிடைத்தால் பாருங்கள். மனைவியாக வரும் ஷபானா ஆஸ்மியைத் தனியாகக் கவனியுங்கள்.